காதில் ஒலி, கையில் மண்

இங்கிலாந்தின் சஃபோக், நார்ஃபோக், லிங்கன்ஷர் பகுதிகளில் ஆகஸ்ட் கடைசிக்குள் கோதுமை அறுவடை ஏறக்குறைய முடிந்துவிடும். அடுத்த விதைப்புவரை வயல் வெறுமனே கிடக்கும். அந்தச் சில வாரங்களுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் மனிதர்கள் அங்கே உண்டு. காதில் ஹெட்போன், கையில் நீளத் தண்டு, தண்டின் நுனியில் தட்டையான வட்டு. வட்டைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக வீசிக்கொண்டே அரிதாள்மேல் அடிமேல் அடி வைத்து நடப்பார்கள். ஒரு வயலை முடிக்க ஒரு பகல் போதாது. அவர்கள் கையிலிருப்பது மெட்டல் டிடெக்டர். தேடுவது, யாரோ எப்போதோ மண்ணில் தவறவிட்ட உலோகம்.

பொழுது சாயும்போது பையில் சேர்ந்திருப்பவை பெரும்பாலும் துருவேறிய ஆணிகள், கலப்பையிலிருந்து தெறித்த இரும்புத் துண்டு, வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம், ஈயத் துணுக்குகள், கசங்கிய அலுமினியத் தாள், குளிர்பான டப்பாவைத் திறக்கும் வளையம். நல்ல நாளாக அமைந்தால் ஒரு பழைய பொத்தான், ஒரு பெல்ட் கொக்கி, முகம் தேய்ந்த விக்டோரியா காலத்துச் செம்புக்காசு. இவ்வளவுக்காக முதுகு வலிக்க நடந்தவர்கள் அடுத்த வாரமும் போகிறார்கள். தூறலிலும் போகிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகளாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

புதையல் ஆசை என்று சொல்லிவிடலாம். 2009 ஜூலையில் ஸ்டாஃபோர்ட்ஷர் வயலொன்றில் ஆங்கிலோ-சாக்சன் காலத் தங்கமும் வெள்ளியும் குவியலாகக் கிடைத்து, 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு என்று மதிப்பிடப்பட்டதை அந்நாட்டில் அறியாதவர் குறைவு. ஆனால் அப்படியொன்று தனக்கு வாய்க்கப்போவதில்லை என்பது வயலில் நடக்கிறவருக்கு நன்றாகத் தெரியும். பணம்தான் ஈர்ப்பு என்றால் இந்த வழக்கம் ஒரு மாதத்தில் கசந்துவிடும். பிடிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒலி கேட்பதற்கும் பொருள் கண்ணில் படுவதற்கும் நடுவே ஒன்றிரண்டு நிமிடங்கள் உண்டு, அங்கேதான் இருக்கிறது. அந்த நிமிடங்களை உண்டாக்குவது கருவியின் திறமையல்ல, அதன் போதாமை. எனவே கருவியிலிருந்தே தொடங்க வேண்டும்.

வட்டுக்குள் செம்புக் கம்பிச்சுருள்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் மின்னோட்டம் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறி ஓடுகிறது. வயல்களில் பயன்படும் கருவிகள் பலவற்றில் இந்த அதிர்வெண் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். மாறும் மின்னோட்டம் மாறும் காந்தப்புலத்தை எழுப்ப, அந்தப் புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் உலோகம் இருந்தால், மாறும் காந்தப்புலம் அதற்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். இது மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட விதி. எந்தக் கம்பியோடும் இணையாத, பல நூற்றாண்டுகளாக மண்ணில் கிடக்கும் காசுக்குள்ளும் அப்படி மின்னோட்டம் பிறந்து வட்டமிடுகிறது. இதைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். அந்தச் சுழற்சி தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதைப் பிடிப்பதற்கென்றே இரண்டாவது சுருள் காத்திருக்கிறது. முதல் சுருளின் நேரடித் தாக்கம் தன்மேல் விழாதபடி அதை அமைத்திருப்பார்கள். ஆகவே அதற்குக் கேட்பது மண்ணுக்கடியிலிருந்து வரும் மறுமொழி மட்டுமே.

ரோமானியப் படைவீரன் ஒருவன் நழுவவிட்ட காசுக்குள், அதன்மேல் ஒருவர் நடந்து கடக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் மின்சாரம் ஓடி அடங்குகிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

மறுமொழி சற்றுத் தாமதித்தே வருகிறது. அந்தத் தாமதம் உலோகத்தின் கடத்துதிறனையும் கனத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. தடித்த வெள்ளிக்காசில் சுழல் மின்னோட்டம் அடங்க நேரமாகும். மெல்லிய தகட்டில் சட்டென்று அடங்கிவிடும். இரும்பு காந்தத்தன்மை உள்ளதால் அதன் பதில் வேறு மாதிரி இருக்கும். கருவி இந்த வேறுபாட்டைத் திரையில் ஓர் எண்ணாகக் காட்டுகிறது, ஒலியின் சுருதியையும் அதற்கேற்ப ஏற்றி இறக்குகிறது. பழகியவர்கள் திரையைப் பார்ப்பதைவிடக் காதைத்தான் நம்புவார்கள். இரும்பின் கரகரப்பும் வெள்ளியின் தெளிந்த உயர்ந்த ஒலியும் அவர்களுக்குப் பழகிய குரல்கள்.

ஆனால் கருவி அளப்பது அந்த மறுமொழியை மட்டும்தான். அது எந்த உலோகத்திலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. தங்கமும் அலுமினியமும் மின்சாரத்தைக் கடத்துவதில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டப்பாவின் வளையமும் ஒரே எண்ணைக் காட்டி, ஒரே சுருதியில் ஒலிக்கும். காசு படுத்திருக்காமல் செங்குத்தாக நின்றால் ஒலி மாறும். பக்கத்தில் ஓர் ஆணி கிடந்தால் காசின் குரலை ஆணி அமுக்கிவிடும். மண்ணில் இரும்புத் தாது மிகுந்திருந்தால் மண்ணே குறுக்கே பேசும். ஆழமும் கெடுக்கிறது. சுருளின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில் காந்தப்புலம் தூரத்தின் கனத்துக்கேற்பக் குறையும். காசிலிருந்து திரும்பி வரும் புலமும் அப்படியே குறையும். போக ஒரு கனம், வர ஒரு கனம். அதாவது தூரம் இரண்டு மடங்கானால் மறுமொழி 64இல் ஒரு பங்காகிவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் ஒற்றைக் காசை ஒரு முழ ஆழத்தில் காட்டத் திணறுவது இதனால்தான். இயற்பியல் போட்ட வேலி அது.

இந்தக் கருவியின் வரலாறே ஓர் ஏமாற்றத்தில்தான் தொடங்குகிறது. 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டறியப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. தொலைபேசிக்காகப் புகழ்பெற்றிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், இரண்டு சுருள்களையும் தொலைபேசியின் காதுப்பகுதியையும் இணைத்து ஒரு கருவி செய்து வெள்ளை மாளிகைக்கு எடுத்துச் சென்றார். கருவி சரியாகவே வேலை செய்தது. ஆனால் ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தன. குண்டு வலப்பக்கம் இருப்பதாகத் தலைமை மருத்துவர் உறுதியாக நம்பியதால் அந்தப் பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். செப்டம்பர் 19இல் கார்ஃபீல்டு இறந்துபோனார்.

சுமந்து செல்லத்தக்க, களத்துக்கு உகந்த கருவியைத் தந்தவர் போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி. இரண்டாம் உலகப்போரில் ஸ்காட்லாந்தில் அடைக்கலமாக இருந்தபோது கண்ணிவெடிகளைக் காட்டும் கருவியை 1941இல் வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை கோராமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே கொடுத்துவிட்டார். 1942இல் எல் அலமெய்ன் போரில் 500 கருவிகள் பாலைவனத்துக்குப் போயின. போர் முடிந்ததும் மிஞ்சிய ராணுவக் கருவிகளை வாங்கி வயலில் இறங்கினார்கள் சிலர். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, கருவி இலகுவானது, பொழுதுபோக்கு பரவியது.

இனி வயலுக்குப் போவோம். வட்டை வீசிக்கொண்டிருக்கும்போது ஒலி வருகிறது. தேடுபவர் நின்று, அதே இடத்தின்மேல் மறுபடி வீசிப் பார்ப்பார். பிறகு 90 பாகை திரும்பி நின்று குறுக்கே வீசுவார். இரண்டு திசையிலும் ஒரே சுருதி என்றால் நம்பிக்கை கூடும். ஒரு பக்கம் மணியாகவும் மறுபக்கம் கரகரப்பாகவும் கேட்டால் அநேகமாக வளைந்த ஆணி. அநேகமாகத்தான். மண்டியிட்டு, சிறு மண்வெட்டியால் சதுரமாக ஒரு கட்டி மண்ணை வெட்டிப் புரட்டுவார். குழிமேல் வட்டைக் காட்டுவார், ஒலி இல்லை. அப்படியானால் பொருள் வெளியே வந்த கட்டியில் இருக்கிறது. சிறிய கைக்கருவி ஒன்றைக் கட்டிக்குள் நுழைத்துப் பார்ப்பார். பொருளை நெருங்க நெருங்க அது வேகமாகத் துடிக்கும். கட்டியைக் கையால் பிளப்பார். ஈரமண் உதிரும். ஒரு விளிம்பு தெரியும். மெல்லியது, வட்டத்தின் ஒரு பகுதி, சாம்பல் நிறம். கட்டைவிரலால் துடைத்துப் பார்ப்பதற்கு முந்தைய அந்த நொடியில் அது எதுவாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் மூளையில் நடப்பதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒரு சோதனை உண்டு. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் குரங்குகளின் மூளையில் டோபமின் செல்களின் துடிப்பை அளந்தார்கள். திரையில் ஒரு குறி தோன்றும். சிறிது நேரம் கழித்துப் பழச்சாறு வரும், அல்லது வராது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு வாய்ப்பளவு உண்டு. உறுதியாகச் சாறு வரும் என்று குரங்குக்குத் தெரிந்திருந்தால் காத்திருக்கும் நேரத்தில் செல்கள் அமைதியாக இருந்தன. வரவே வராது என்று தெரிந்தாலும் அமைதிதான். வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான், குறிக்கும் சாறுக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் துடிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. 2003இல் வெளிவந்த ஆய்வு இது. பரிசு தரும் மகிழ்ச்சி தனி, ஐயம் தரும் கிளர்ச்சி தனி என்று அது காட்டியது. குரங்கிலிருந்து மனிதனுக்கு நேராகத் தாவக்கூடாதுதான். ஆனாலும் மண்டியிட்டு மண்கட்டியைப் பிளக்கும் மனிதரின் நிலை, குறியைப் பார்த்துவிட்டுச் சாறுக்குக் காத்திருக்கும் நிலைதான்.

பரிசு எப்போது வரும் என்று கணிக்க முடியாதபோது பழக்கம் மிக உறுதியாக வேரூன்றும் என்பதை பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து அதற்கு நெடுங்காலம் முன்பே காட்டியிருந்தார். ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடும். சில கொத்தல்களுக்கு ஒருமுறை, அதுவும் ஒழுங்கின்றிக் கிடைத்த புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரங்கள் இதை அறிந்து செய்யப்பட்டவை. டிடெக்டரை அப்படி யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தங்கத்தையும் டப்பா வளையத்தையும் பிரித்தறிய முடியாமல் போனதால் அது தானாகவே அப்படி அமைந்துவிட்டது. நாளைக்கே யாராவது, மண்ணுக்குள் இருப்பதைத் துல்லியமாகப் படம்போல் காட்டும் கருவியைச் செய்துவிட்டால், காசுகள் நிறையக் கிடைக்கும்; ஆனால் வயலுக்குப் போகும் ஆட்கள் குறைந்துவிடுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

சூதாட்டத்தோடு ஒப்பிடுவது பாதிவரைதான் சரி. இயந்திரத்திலிருந்து கொட்டும் நாணயங்கள் எல்லாம் ஒரே மாதிரி. வயலில் அந்தச் சாம்பல்நிற விளிம்பைத் துடைத்ததும் தெரிவது, ஒருவேளை, வெள்ளிக்காசு ஒன்றின் கால் துண்டாக இருக்கலாம். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புழங்கிய காசு ஏறக்குறைய பென்னி ஒன்றுதான். அதன் பின்பக்கத்தில் ஒரு சிலுவை இருக்கும். சில்லறை வேண்டுமென்றால் அந்தச் சிலுவைக் கோட்டின் வழியே காசை இரண்டாகவோ நான்காகவோ வெட்டிவிடுவார்கள். முழுக்காசு சுமார் 1.4 கிராம், கால் துண்டு அரை கிராம்கூடத் தேறாது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 1279இல் எட்வர்டு மன்னர் வட்டவடிவக் கால் பென்னியை வெளியிடும்வரை இந்த முக்கோணத் துண்டுதான் ஏழைகளின் சில்லறை. கால் பென்னிக்கு எவ்வளவு எடையுள்ள ரொட்டி தரவேண்டும் என்று சட்டமே இருந்தது. ஆக, அந்தத் துண்டைத் தொலைத்தவருக்கு அன்று ஒரு ரொட்டி போயிற்று. குனிந்து, சேற்றைக் கிளறி, வெகுநேரம் தேடியிருப்பார். 750 ஆண்டுகள் கழித்து அது கிடைத்துவிட்டது. கையில் எடுப்பவர், அதைக் கடைசியாகத் தொட்ட விரல்களுக்கு அடுத்த விரல்கள் தம்முடையவை என்பதை உணர்கிறார். விலை பார்த்தால் அதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த உணர்வுக்காகவே போகிறோம் என்று பலரும் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன்.

காசு எப்படி மண்ணுக்குள் போகிறது என்பதும் ஓர் அழகான செய்தி. தொலைந்த பொருளை மண்புழுக்கள்தான் புதைக்கின்றன. கீழிருந்து மண்ணை விழுங்கி, மேலே வந்து கழித்துவிட்டுப் போவது அவற்றின் அன்றாட வேலை. மேலே மண் ஏற ஏற, கனமான பொருள் கீழே இறங்குகிறது. சார்லஸ் டார்வின் தம் வீட்டருகே ஒரு வயலில் 1842இல் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 1871இல் அங்கே குழி வெட்டிப் பார்த்தபோது அவை ஏழு அங்குல ஆழத்தில் ஒரு வரிசையாகக் கிடந்தன. 29 ஆண்டுகளில் ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. மண்புழுக்களைப் பற்றிய தம் நூலை அவர் வெளியிட்டது 1881இல். பெல் தம் கருவியோடு வெள்ளை மாளிகைக்குப் போன அதே ஆண்டு. ஒருவர் பொருள் எப்படிப் புதைகிறது என்று சொன்னார், மற்றவர் புதைந்ததைக் கேட்பதற்குக் காது செய்தார். இருவரும் இப்படியொரு பொழுதுபோக்கை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

புழு புதைத்ததைக் கலப்பை கிளறிவிடுகிறது. ஆண்டுதோறும் உழப்படும் மேல்மண்ணில் பொருள்கள் இடம்மாறிக்கொண்டும் உடைந்துகொண்டும் உரங்களால் அரிபட்டுக்கொண்டும் இருக்கின்றன. அந்த மேல்மண்ணில் கிடப்பதை எடுப்பதால் பெரிய சேதம் இல்லை. கலப்பை எட்டாத ஆழத்தில் கிடப்பது வேறு. அங்கே பொருளைவிட, பொருள் எதன்மேல் எதன் கீழே எப்படிக் கிடக்கிறது என்பதுதான் அறிவு. இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் கடுமையான சோதனை வருகிறது. ஒலியைக் கேட்டு, மண்ணைப் பிளந்து, உள்ளே மின்னுவதைக் கண்டபின், உடலின் ஒவ்வொரு நரம்பும் தோண்டு என்று துடிக்கும்போது, கையை எடுத்துவிட வேண்டும்.

எரிக் லாஸ் எடுத்தார். 1992 நவம்பர் 16ஆம் தேதி சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸ்ன் ஊரில், விவசாயியான தன் நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக்கொடுக்கப் போயிருந்தார். கிடைத்தது வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், காசுகள். மேலாக இருந்தவற்றை எடுத்தபின், அடியில் இன்னும் நிறைய இருக்கிறது என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்தினார். இருவரும் அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்கள். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, குவியலைப் பெரும் மண்பாளங்களாகவே பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். ரோமானிய ஆட்சி பிரிட்டனில் முடிவுக்கு வந்த காலத்தில், கி.பி. 407க்குப் பிறகு, ஒரு செல்வக் குடும்பம் புதைத்துவைத்த ஓக் மரப்பெட்டி அது. 14,865 காசுகள், சுமார் 200 வெள்ளி, தங்கப் பொருள்கள். மரம் மக்கிப்போயிருந்தும், உள்ளே சிறு பெட்டிகள் இருந்ததையும் பாத்திரங்களுக்கு நடுவே வைக்கோல் திணித்திருந்ததையும் கண்டறிய முடிந்தது. அரசு 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கொடுத்தது. லாஸ் அதை நிலத்தில் உழுதவரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் நம்மைத் தொடும் பொருள் ஒன்று உண்டு. பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை. வெள்ளியில் செய்து, ஆடையிலும் கூந்தலிலும் பொன்முலாம் பூசியது. உள்ளே கூடு. அடியில் சுழலும் ஒரு வட்டத்தகடு. ஒரு பக்கம் திருப்பினால் வாய் திறக்கும், நிரப்பலாம். இன்னொரு பக்கம் திருப்பினால் சிறுதுளைகள் வெளிப்படும், தூவலாம். மற்றொரு நிலையில் மூடிக்கொள்ளும். மிளகுத்தூள் வைக்கும் சிமிழ் அது. அதுபோல் நான்கு அந்தப் பெட்டியில் இருந்தன. மிளகு ஆங்கிலேய மண்ணில் விளையாது. மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவில் காய்த்து, கடல் தாண்டிப் போன சரக்கு. யவனக் கலங்கள் முசிறித் துறைக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு அறியும். அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்தும் அந்த மோகம் குறையவில்லை. 408இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், விலகிப் போவதற்குக் கேட்டவற்றில் பொன், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் அடக்கம். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் இந்தச் சிமிழ் சஃபோக் மண்ணுக்குள் போகிறது.

தோண்டாமல் நிறுத்துவதன் பயனை இன்னும் தெளிவாகக் காட்டியது 2010இல் சோமர்செட் பகுதியின் ஃப்ரோம் அருகே கிடைத்த பானை. டேவ் கிறிஸ்ப் என்பவர் பானையின் வாயையும் காசுகளையும் கண்டதும் குழியை மூடிவிட்டுத் தகவல் சொன்னார். உள்ளே 52,503 ரோமானியக் காசுகள், சுமார் 160 கிலோ. தொல்லியலாளர்கள் அதை அடுக்கடுக்காக வெளியே எடுத்தார்கள். இருப்பதிலேயே பிற்காலத்தவையான கராசியஸ் பேரரசரின் காசுகள் மேலே இருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை பானையின் நடுப்பகுதிக்கும் கீழே இருந்தன. ஆக, யாரோ ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேமித்த உண்டியல் அல்ல அது. ஒரே சமயத்தில் கொண்டுவந்து கொட்டியது. கிறிஸ்ப் ஆர்வத்தில் அள்ளியிருந்தால் 52,503 காசுகளும் கிடைத்திருக்கும். இந்த ஒரு செய்தி என்றென்றைக்கும் கிடைத்திருக்காது.

1996இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த புதையல் சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை ஓரளவு சட்டமாக்கியது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது பொன்னோ வெள்ளியோ கலந்த பொருளை, ஒற்றைக் காசு நீங்கலாக, கண்டெடுத்தவர் 14 நாள்களுக்குள் கொரோனர் என்ற அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் விரும்பினால் சந்தை விலைக்கு வாங்கும். தொகை வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப்பாதி. கூடவே, சட்டம் கேட்காத பொருள்களையும் தாமாக முன்வந்து பதிவுசெய்ய ஒரு திட்டம் தொடங்கியது. அதிகாரி பொருளை அளந்து, படமெடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார். இப்படி 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. கொக்கி, பொத்தான், கால் பென்னி எல்லாமும். எல்லோரும் நல்லவர்களாக இல்லை. 2015இல் லெமின்ஸ்டர் அருகே வைக்கிங் காலக் குவியலைக் கண்ட இருவர் அதை மறைத்து விற்றார்கள். 2019இல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். காசுகளில் பெரும்பகுதி மீளவில்லை. மீண்ட சிலவற்றில், வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரடும் மெர்சியா அரசர் இரண்டாம் கியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததைக் காட்டும் காசுகள் இருந்தன. எஞ்சியவை எதைச் சொல்லியிருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இதைப் படிக்கும் யாருக்கேனும் கருவி வாங்கி நம் ஊர் ஆற்றங்கரையில் நடக்கும் ஆசை வந்தால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிப்பது கடமை. தொல்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. பிரிட்டனில் இருப்பது போன்ற பதிவுத் திட்டம் இங்கே இல்லை. அதன் இழப்பு கரூரில் தெரிகிறது. அமராவதி ஆற்றுமணலைச் சலித்தவர்கள் கையில் சங்ககாலச் சேரர் காசுகள் கிடைத்தன. மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பெயர் பொறித்த அந்தக் காசுகளில் பலவும் வணிகர் கைமாறித்தான் ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்தன. காசு நம்மிடம் இருக்கிறது. எந்த மணலில், எதனோடு கிடந்தது என்பது பலவற்றுக்கும் போய்விட்டது.

இடத்தைக் குறித்துவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரெண்டில்ஷம் சான்று. சஃபோக்கில், புகழ்பெற்ற சட்டன் ஹூ கப்பல் கல்லறையிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டரில் உள்ள ஊர். கிழக்கு ஆங்கில அரசர்களின் இருக்கை ஒன்று அங்கே இருந்ததாக 8ஆம் நூற்றாண்டில் பீட் துறவி எழுதியிருந்தார். எங்கே என்று யாருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. இரவில் யாரோ வந்து தன் வயலைத் தோண்டுகிறார்கள் என்று நிலத்துக்காரர் முறையிட, 2008 முதல் தொல்லியலாளர்கள் உள்ளூர் டிடெக்டர்காரர்கள் சிலரைத் துணைக்கு அழைத்தார்கள். அவர்கள் பல ஆண்டுகள் அந்த வயல்களைக் கோடு கோடாக நடந்தார்கள். கேட்ட ஒலியையெல்லாம் தோண்டினார்கள். பொற்காசு கிடைத்த இடத்துக்கும் வார்ப்பில் சிந்திய வெண்கலத் துளி கிடைத்த இடத்துக்கும் ஒரே மரியாதையோடு செயற்கைக்கோள் குறிப்பு எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகள் வரைபடத்தில் ஏறியபோது, உலோகம் உருக்கிய பட்டறை எந்தப் பக்கம், பெரியவர்கள் குடியிருந்தது எந்தப் பக்கம் என்பது தானாகப் பிரிந்து தெரிந்தது. பெரியவர்கள் இருந்ததாகத் தெரிந்த பகுதியில் 2022இல் அகழ்ந்தபோது, 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட மரக்கூடம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. 1,400 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆங்கில அரசர்கள் விருந்தளித்த கூடம் அதுதான் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.